ஆறடி மண்ணில் மூன்று பூமரங்கள்: கவாத்து அனுபவம்

தாம்பரம் பக்கம் எங்கள் வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே ஆறடி அகலத்துக்கு மண் இருக்கிறது. தோட்டம் என்றால் அவ்வளவுதான். பவழமல்லி, ஈழத்தலரி, சரக்கொன்றை மூன்றையும் அதில் பத்து வருடத்துக்கு மேல் வளர்த்துப் பார்த்தாகிவிட்டது. சின்ன இடத்துக்கு மரம் வாங்குகிறவர்கள் பூவின் அழகை அப்புறம் பார்க்கலாம். வெட்டினால் எப்படித் துளிர்க்கும், மறுபடி எப்போது பூக்கும் என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

அந்தக் கணக்கில் பவழமல்லிக்கு முழு மதிப்பெண். பூ ஓய்ந்ததும் தை மாதத்தில் நெஞ்சு உயரத்துக்குக் குறைத்துவிடுவேன். புதுத் தளிரின் நுனியில் பூப்பதால் அந்த வருடப் பூவுக்குக் குறைவு வராது. விட்டால் முப்பதடி வரைகூடப் போகிற மரம் இது. இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். விதை விழுந்து முளைக்கும் கன்றுகளைப் பிடுங்குவதும் தீராத வேலை.

ஈழத்தலரி (நர்சரியில் புளூமேரியா என்று கேளுங்கள்) மெதுவாக வளரும். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து மரம் என்பதால் வறட்சி தாங்கும், தண்ணீர் தேங்கினால் அழுகும். வெட்டிய இடத்தில் இரண்டு மூன்று கிளைகள் பிரியும். ஆனால் அவை பூக்கப் பெரும்பாலும் அடுத்த வருடமாகிவிடும். அதனால் இலை உதிர்ந்து நிற்கும் மாசியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுக்கிறேன். பால் கண்ணில் படக் கூடாது. மழை நாளில் இலைக்கு அடியில் ஆரஞ்சுத் தூள் படிந்தால் அது துரு நோய். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அப்புறப்படுத்தினால் மட்டுப்படுகிறது. வெட்டிய கொம்புகளை ஒரு வாரம் நிழலில் காயவிட்டு நட்டால் பிழைக்கும். அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்கு அப்படித்தான் கொடுக்கிறேன்.

வெட்டும் விதத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னை மரங்களைச் சாய்த்த பிறகு, பயத்தில் உச்சியையே துண்டித்தவர்கள் அதிகம். அப்படி வெட்டினால் வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் தளிர் வரும். அவற்றுக்கு மரத்தோடு பிடிப்பு குறைவு, பின்னால் காற்றில் பிய்ந்துகொள்ளும். உள்ளே நெருக்கும் கிளைகளை எடுத்துக் காற்றுக்கு வழிவிடுவதே சரி. கிளை தொடங்கும் இடத்தில் தடித்த வளையம் தெரியும், அதற்கு வெளியே வெட்ட வேண்டும். கூலிக்கு வருகிறவர்கள் அடிமரத்தோடு ஒட்ட வழித்துவிடுவார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். கனமான கிளையென்றால் முதலில் அடியிலிருந்து கொஞ்சம் அறுத்துக்கொண்டு அப்புறம் மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாது. பெயின்ட் எதுவும் நான் பூசுவதில்லை, அழுகலை அது தடுக்காது.

சரக்கொன்றையின் கோடைப் பூவுக்கு ஈடில்லைதான். ஆனால் பூத்து முடிந்த பிறகுதான் கத்தியை எடுக்க முடியும், தையில் வெட்டினால் சித்திரைப் பூ போச்சு. உயரமும் கட்டுப்படவில்லை. ஆறடி மண்ணுக்கு இதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.