கிராமத்து சர்ச் ஸ்கூல் எப்படி இருக்கு?

நாங்க இந்து குடும்பம், இங்கிலாந்துல டெவன் பக்கம் ஒரு சின்ன கிராமத்துல இருக்கோம். பொண்ணு படிக்கறது சர்ச் ஆஃப் இங்கிலாந்து பிரைமரி ஸ்கூல். சர்ச் ஸ்கூல்னா மதம் மாத்திடுவாங்களோன்னு சொந்தக்காரங்க பயப்படுறாங்க, அப்படி எதுவும் இல்லைங்க. தினமும் பிரேயர் உண்டு, மெழுகுவர்த்தி ஏத்தி ஒரு கதை சொல்லி, விருப்பம் இருக்கறவங்க மட்டும் ஆமென் சொல்லுங்கன்னு விட்டுடுவாங்க, வேணாம்னா பிள்ளையை அனுப்பாம இருக்கவும் சட்டப்படி நமக்கு உரிமை இருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அங்க இருக்கற பழக்கவழக்கம். ஒவ்வொரு டெர்மும் ஒரு வேல்யூ எடுத்துப்பாங்க, போன டெர்ம் மன்னிப்பு. சண்டை போட்ட ரெண்டு பிள்ளைங்களையும் உட்கார வச்சு, ஒருத்தர் பேசி முடிக்கற வரைக்கும் இன்னொருத்தரைக் கேக்க வைப்பாங்க, இப்ப வீட்டுல தம்பிகிட்டயும் இவ அதையே பண்றா! அறுவடைத் திருவிழாவுக்குப் பிள்ளைங்க கொண்டு போற பீன்ஸ் டின், பாஸ்தா எல்லாம் சர்ச்சுல அடுக்கி வச்சு அப்புறம் கஷ்டப்படுறவங்களுக்கு இலவசமா சாப்பாட்டுப் பொருள் குடுக்கற ஃபுட் பேங்குக்குப் போகுது.

குறைன்னா, பிள்ளைங்க கம்மி, அதனால வெவ்வேறு வயசுப் பிள்ளைங்களை ஒரே கிளாஸ்ல சேர்த்து வச்சிருக்காங்க. கணக்குல வேகமா போற பிள்ளைக்கு கொஞ்சம் போரடிக்கும், டீச்சர்கிட்ட கேட்டா தனியா வேலை குடுப்பாங்க.

சேர்க்கறதுக்கு முன்னாடி அந்த சர்ச் ஸ்கூல் எந்த வகை, வாலண்டரி கண்ட்ரோல்டா, வாலண்டரி எய்டடான்னு கேட்டுக்கோங்க. கண்ட்ரோல்டுன்னா அட்மிஷன் பொதுவா உள்ளூர் கவுன்சில் கையில, எய்டடுன்னா ஸ்கூல் நிர்வாகக் குழுவான கவர்னர்கள் கையில, சர்ச்சுக்குப் போற குடும்பத்துக்கு முன்னுரிமை இருக்கலாம்.