பிகமிங் ஹோம்லெஸ்: பேருந்துக் காட்சிக்காகவே ஒரு முறை போட்டுப் பாருங்கள்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் விர்ச்சுவல் ஹியூமன் இன்டராக்‌ஷன் ஆய்வகம் உருவாக்கிய விஆர் அனுபவம் இது, அதாவது கண்ணை மூடும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உள்ளே நுழையும் மெய்நிகர் உலகம்; பெயருக்கு ‘வீடில்லாமல் ஆவது’ என்று பொருள். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் இலவசமாகக் கிடைக்கிறது, கணினியோடு இணையும் ஹெட்செட் வேண்டும். ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். வேலை போகிறது, வாடகை கட்ட வீட்டுச் சாமான்களை விற்கிறீர்கள், அதுவும் போதாமல் காரில் தங்குகிறீர்கள், போலீஸ் வருகிறது, கடைசியில் இரவுப் பேருந்தில் தூங்க இடம் தேடுகிறீர்கள்.

பேருந்துக் காட்சிதான் இதன் உயிர். கற்பனையும் இல்லை அது; கலிஃபோர்னியாவில் பாலோ ஆல்டோவுக்கும் சான் ஹோசேவுக்கும் இடையே இரவெல்லாம் ஓடிய 22ஆம் எண் பேருந்தில் வீடில்லாதவர்கள் உண்மையிலேயே படுத்துத் தூங்கினார்கள், அதற்கு ‘ஹோட்டல் 22’ என்றே பெயர் வந்தது. உங்கள் பையின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே பக்கத்தில் நெருங்கி வரும் ஆளையும் கவனிக்க வேண்டும். அவர் நெருங்க நெருங்க உடம்பு தானாகப் பின்னால் சாய்கிறது, அங்கே யாருமே இல்லை என்று மனசுக்கு நன்றாகத் தெரிந்தும்!

இந்த இடத்தில்தான் இதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பு தெரிகிறது. ஆய்வகத்தை நடத்தும் ஜெரமி பெய்லன்சன் 1999இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் அறிவாற்றல் உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். பிறகு சாண்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜிம் பிளாஸ்கோவிச்சோடு சேர்ந்து ஆராய்ந்த கேள்விகளில் ஒன்று, விஆரில் நிற்கும் பொம்மை மனிதனிடம்கூட நாம் இடைவெளி விடுகிறோமா என்பது. விடுகிறோம், முதுகுப் பக்கத்தைவிட முகத்துக்கு நேரே கூடுதலாக விடுகிறோம், அது நம்மை நோக்கி நகர்ந்தால் விலகுகிறோம். 2003இல் வெளியான முடிவு இது. அன்று கேட்ட அதே கேள்வியின் மேல்தான் இந்தப் பேருந்து நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. விஆரில் உயரமான உருவம் (அவதார்) கிடைத்தவர்கள் பேரத்தில் விட்டுக்கொடுக்காமல் நிற்கிறார்கள் என்று ஆய்வாளர் நிக் யீயோடு சேர்ந்து 2007இல் காட்டியவரும் இவர்தான்.

குறை உண்டு. வீட்டுக் காட்சியில் எதை விற்றாலும் கதை ஒரே இடத்துக்குத்தான் போகிறது, அதனால் தேர்ந்தெடுப்பதில் கனம் இல்லை. சக பயணிகளைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் எப்படி இந்த நிலைக்கு வந்தார்கள் என்று குரல் சொல்கிறது, ஆனால் அதைக் கேட்க ஹெட்செட் எதற்கு, வானொலியே போதுமே. பேருந்தில் உட்கார்ந்து நான் உணர்ந்ததில் பாதி பயம். பயத்தை இரக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, உண்மையிலேயே மனம் மாறுகிறதா? ஃபெர்னாண்டா ஹெரேராவும் பெய்லன்சனும் மற்றவர்களும் 560க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். முதல் ஆய்வில் கதையைப் படித்துக் கற்பனை செய்தவர்களும் விஆர் போட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு இரக்கம் உணர்ந்ததாகத்தான் சொன்னார்கள். ஆனால் வீடில்லாதவர்களுக்கு ஆதரவான மனுவில் விஆர் குழுவில் 82 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டார்கள், கதையைப் படித்தவர்களில் 67 சதவீதம். நல்ல எண்ணமும் வாரக்கணக்கில் அதிகம் நிலைத்தது. எனக்கு இந்த முடிவு ரொம்பப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் விஆர் மாயம் செய்கிறது என்று யாரும் கூவவில்லை, படிப்பதற்கும் பலன் உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

உளவியல் படித்துவிட்டு விஆர் ஆய்வுத் துறைக்குள் எப்படி நுழைவது என்று யோசிக்கும் மாணவர்கள் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் ஒன்று, பெய்லன்சன் இருப்பது உளவியல் துறையில் இல்லை, தகவல் தொடர்புத் துறையில்; மேற்படிப்புக்கு இடம் தேடும்போது அந்தத் துறைகளையும் விடாமல் பாருங்கள். மேலே சொன்ன 2018 ஆய்வுக் கட்டுரை பிளாஸ் ஒன் இதழில் யாரும் படிக்கும்படி இலவசமாகவே இருக்கிறது. அனுபவத்தை முதலில் முடித்துவிட்டு, நீங்கள் உணர்ந்ததை ரெண்டு வரி எழுதி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு கட்டுரையைத் திறங்கள்.