ஓடுகிற ஷூ வாங்கிய கடை, தஞ்சாவூர்

அக்கா புற்றுநோயில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவள் நினைவாக, அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி திரட்ட மாரத்தான் ஓடப்போகிறேன், 42.195 கிலோமீட்டர். தங்கையை இதே நோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய இடம் அது.

ஷூ வாங்கியது கீழவாசல் பக்கம் ஒரு சின்னக் கடையில். காலையில் போனேன். "சாயங்காலம் வாங்க தம்பி, கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்பதான் அளவு சரியாத் தெரியும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார் கடைக்காரர். வியாபாரத்தைத் தள்ளிப்போட யாருக்கு மனசு வரும்? அப்புறம் விரலுக்கு முன்னால் இடம் விட்டு, ஒரு சைஸ் பெரிதாகக் கொடுத்தார். கல்லணைக் கால்வாய்க் கரையில் 300 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது, நகம் கறுக்கவில்லை. மழை ஈரத்தில் மட்டும் வழுக்குகிறது.

எதற்காக ஓடுகிறேன் என்று கேட்ட கடைக்காரர், 200 ரூபாயைத் திருப்பித் தந்து நிதியில் சேர்க்கச் சொன்னார்.