மிளகாய் ஸ்பிரேயா, அலாரமா?

இருட்டின பிறகு ரியூசன் முடிந்து ஒழுங்கையால் சைக்கிளில் வரும் பிள்ளையிடம் பாதுகாப்புக்கு எதைக் கொடுத்து விடுவது?

மிளகாய் ஸ்பிரேயின் சரக்கு கப்சைசின், அதாவது மிளகாயின் காரம். கண்ணில் பட்டால் இமை தானாக மூடும், இருமல் பிடிக்கும். ஓடித் தப்ப நேரம் கிடைக்கும். ஆனால் சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காற்றுக்கு எதிரே அடித்தால் அடித்தவர் முகத்துக்கே திரும்பும். காலாவதித் திகதியும் உண்டு. கைப்பையின் அடியில் சீப்புக்கும் சில்லறைக்கும் கீழே கிடந்தால், சரி, விடுங்கள்.

கையில் கொண்டுபோகும் அலாரத்தில் ஊசியை இழுத்தால் போதும், காது கிழிய அலறும். அம்மம்மாவும் பாவிக்கலாம். வேலிக்கு வேலி வீடிருக்கிற இடத்தில் நாய்கள் குரைக்கவே சனம் எட்டிப் பார்க்கும். ஆளில்லாத வயல்வெளியில் பலன் குறைவு.

பிள்ளைக்கு என் தெரிவு அலாரம்தான். இலங்கைப் பொலிஸ் அவசர இலக்கம் 119ஐயும் பாடமாக்கி விடுங்கள்.