கார்த்திக்கா, நெடுஞ்செழியனா: பழகிய பெயரும் அரிய பெயரும்

குழந்தை பிறந்த வீட்டில் பெயர்ப் பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். "வாயில நுழையற மாதிரி, எல்லாருக்கும் தெரிஞ்ச பெயரா வைங்க" என்று ஒரு தரப்பு. "வகுப்புல நாலு பேருக்கு இருக்கிற பெயர் எம்பிள்ளைக்கு வேணாம்" என்று மறு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருமே எண்ணுவது, அந்தப் பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதை மட்டும்தான். பெயர் பிள்ளைக்குச் சுமையாவது வேறோரிடத்தில்: காதில் விழுந்ததும் எழுத வருகிறதா, எழுத்தில் பார்த்ததும் சொல்ல வருகிறதா.

பழகிய பெயரில் அந்தத் தொல்லை குறைவு. கார்த்திக், திவ்யா, பிரியா, விக்னேஷ் என்றால் வங்கியிலும் மருத்துவமனையிலும் மறுபடி கேட்க மாட்டார்கள். ஆள்கூட்டத்தில் ஒளிந்துகொள்ளவும் அது உதவும். இணையத்தில் "கார்த்திக்" என்று தேடுபவருக்கு உங்கள் பையன் கிடைக்க மாட்டான். அரிய பெயருள்ள பிள்ளை பதினைந்து வயதில் எழுதிய அசட்டுப் பதிவு, முப்பது வயதில் வேலைக்கு எடுப்பவரின் திரையில் முதல் வரியாக வந்து நிற்கும். பெயர் வைக்கும்போது இதை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

சிக்கல் எங்கே என்றால், தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மற்ற ஊர்களில் ஒரே முதற்பெயருடைய இருவரைக் குடும்பப் பெயர் பிரித்துக் காட்டிவிடும். நமக்கு அந்த வேலையைச் செய்வது அப்பா பெயரின் தலைப்பெழுத்து மட்டுமே. வகுப்பில் ஆர். கார்த்திக், எஸ். கார்த்திக் என்று தொடங்கும், இரண்டாவது எஸ். கார்த்திக் வந்து சேர்ந்ததும் நெட்டை கார்த்திக், குண்டு கார்த்திக் ஆகிவிடும். அந்த அடைமொழி பள்ளி முடிந்த பிறகும் போகாது. அப்பாவின் பெயரும் ரமேஷ், சுரேஷ், குமார் என்று பழகியதாக இருந்தால் இன்னும் மோசம். "கார்த்திக் ரமேஷ்" என்று முழுப் பெயரை விரித்தாலும் கூட்டம் கரையாது.

ஆகவே பிள்ளையின் பெயரைத் தனியாக எடை போடாமல் அப்பா பெயரோடு சேர்த்து எடை போட வேண்டும். அப்பா பெயர் ஊருக்கெல்லாம் இருப்பது என்றால் பிள்ளைக்குச் சற்று அரிதான பெயர். அப்பா பெயரே திருநாவுக்கரசு என்றால் பிள்ளைக்குக் கவின், அமுதா போதும், யாரும் குழம்ப மாட்டார்கள்.

அரிய பெயர் என்று நாம் சொல்வதில் மூன்று சரக்கு கலந்து கிடக்கிறது. பழைய இலக்கியத்திலிருந்து எடுத்தவை ஒன்று. அம்மா பெயரில் பாதி, அப்பா பெயரில் பாதி என்று ஒட்டிச் செய்தவை இன்னொன்று. மூன்றாவது, எண்கணிதத்துக்காக ஆங்கில எழுத்தில் ஒரு ஏ, ஒரு எச் கூட்டிய பழகிய பெயர். இந்த மூன்றாவதை நேரே ஒதுக்கிவிடலாம். ஒலியில் அது பழகிய பெயர், ஆகவே தனித்தன்மை இல்லை. எழுத்தில் அது அரிய பெயர், ஆகவே ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டும். இரண்டு பக்கத்து நட்டமும் ஒரே பெயரில் வந்து சேர்கிறது.

இலக்கியப் பெயர்களில்தான் உண்மையான செல்வம் இருக்கிறது, கண்ணிவெடியும் அங்கேதான். கடையெழு வள்ளல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரி இரண்டே எழுத்து, ஒலியும் சுத்தம், எழுதவும் சிரமமில்லை. ஓரியும் தேறும். காரி? "காரித் துப்புறது" என்று பள்ளியில் ஒருவன் தொடங்கினால் போதும். நள்ளியை நல்லி எலும்பிலிருந்து காப்பாற்ற முடியாது. ஆய் என்ற வள்ளலின் கொடை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், குழந்தை இருக்கிற வீட்டில் அந்தப் பெயர் ஒரு நாள்கூடத் தாங்காது.

பொருளையும் தோண்டிப் பார்க்க வேண்டும். 'அலர்' என்றால் மலர், அழகான பெயர் என்று பல பட்டியல்களில் பார்க்கலாம். சங்கப் பாடல்களில் அலர் என்பது காதலர்களைப் பற்றி ஊர் தூற்றும் பேச்சு. 'இகல்' காதுக்கு மிடுக்காக ஒலிக்கும். பொருள் பகை, திருக்குறளில் அதற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. 'பேதை' பெண்ணின் பருவங்களில் ஒன்று, அறிவில்லாதவர் என்பதும் அதே சொல்தான். பெயர்ப் பட்டியல் தளங்களில் ஒருவர் எழுதிய பொருளை மற்றவர் அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சொல்லைப் போட்டால் எல்லாப் பொருளும் வரிசையாக வரும். முதல் பொருளோடு நிறுத்தாமல் கடைசி வரை படியுங்கள்.

அரிய தமிழ்ப் பெயரின் பெரிய செலவு ஆங்கில எழுத்தில் இருக்கிறது. தமிழை ஆங்கிலத்தில் எழுத எல்லோரும் ஏற்ற முறை ஒன்று இல்லை. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி ஆணையிட்டு, சர்ச்சை கிளம்பியதும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அரசுக்கே அந்தப் பாடு. 'மகிழினி' என்று வைத்தால் 'கி'க்கு கே, ஜி, எச் மூன்றும் வழக்கில் உண்டு. 'ழி'க்கு இசட்-எச் போடுவோரும் உண்டு, எல் போடுவோரும் உண்டு. மூன்றை இரண்டால் பெருக்கினால் ஆறு எழுத்துமுறை. பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, வங்கியில் ஒன்று என்று ஏறிவிட்டால் பிறகு ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டு அலைய வேண்டும். இசட்-எச் போட்டால் தமிழ் தெரியாதவர் 'மகிஸ்ஹினி' என்று தடுமாறுவார். எல் போட்டால் 'மகிலினி' என்பார், அது கேட்கும்படியாவது இருக்கும். எதை எடுப்பது என்பது பெற்றோர் விருப்பம். எடுத்ததை மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம்.

இதில் நீளத்தைக் குற்றம் சொல்வது வீண். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் பெயருக்கு 39 இடம் இருக்கிறது. நெடுஞ்செழியன் ஆங்கிலத்தில் 14 எழுத்து, திருநாவுக்கரசு 16, நடுவில் பிரிப்புக் குறி 2, ஆக 32. தாராளமாக அடங்கும். தொல்லை தருவது ஒற்றைப் பெயர். அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய், முதற்பெயர்க் கட்டத்தில் "தெரியாது" என்று பொருள்படும் மூன்றெழுத்து அச்சாகும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகமும் ஒற்றைப் பெயருள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்றது; இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் தலைப்பெழுத்தைப் புள்ளி வைத்து எழுத முடியாது, விரித்தே எழுத வேண்டும். பெயர் பழகியதோ அரியதோ, அதோடு விரித்து எழுதப்போகும் இந்த இரண்டாம் பகுதியை முதலிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது.

இனி, அரியது போலத் தோன்றி ஏமாற்றும் பெயர்கள். ஆதிரன், ஆதவன், ஆதித்யா, ஆத்விக், ஆதிரை. ஐந்தும் வேறு வேறு பெயர்கள், பட்டியலில் பார்த்தால் ஒன்றுக்கொன்று இடிக்காது. ஒரே வகுப்பில் ஐந்து பேரும் இருந்து ஆசிரியர் "ஆதி" என்று கூப்பிட்டால் ஐந்து தலையும் திரும்பும். ரித்விக், சாத்விக், தன்விக் என்று முடியும் கூட்டத்திலும் இதே கதை. பெயர்கள் தனித்தனியாகப் பரவுவதில்லை, ஓர் ஓசை பரவுகிறது. அமெரிக்காவில் ஐடன், ஜெய்டன், பிரெய்டன், ஹெய்டன் என்று ஒரு தலைமுறைப் பையன்களே அப்படி வளர்ந்தார்கள். அங்கே சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான பெயர்க் கணக்கை வெளியிட்டிருப்பதால் அது எண்ணிக்கையிலும் தெரியும். நம் ஊரில் அதற்கு ஈடு, பக்கத்துப் பள்ளியின் எல்.கே.ஜி. பெயர்ப்பட்டியலும் தடுப்பூசி வரிசையில் கூப்பிடும் பெயர்களும்தான். அரை மணி நேரம் காது கொடுத்தால் எந்த ஓசை பெருகிவிட்டது என்று பிடிபட்டுவிடும்.

பழகிய பெயருக்கும் அரிய பெயருக்கும் நடுவில் ஒரு தட்டு இருக்கிறது, அதிகம் பேர் கை வைக்காதது: எல்லோருக்கும் தெரியும், இப்போது யாரும் வைப்பதில்லை. பூங்கோதை, தேன்மொழி, வளர்மதி, மணிமொழி, எழில், இளங்கோ, கபிலன். கேட்டவுடன் எழுதிவிடுவார்கள், பொருள் கேட்டு நிறுத்த மாட்டார்கள், வகுப்பில் இன்னொருவர் இருக்கவும் வாய்ப்புக் குறைவு. "பழைய பெயர்" என்ற முணுமுணுப்பு வரும், அதுவும் பெரியவர்களிடமிருந்துதான், எல்.கே.ஜி. பிள்ளைக்கு எந்தப் பெயரும் பழையதாகத் தெரியாது. அரிது, பழகியது என்ற எல்லையே நகர்ந்துகொண்டிருப்பது. மறைமலை அடிகள் 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, வேதாசலம் என்ற தம் பெயரையும் தமிழாக்கிக்கொண்டார். பின்னால் திராவிட இயக்க மேடைகளில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அன்றைக்குப் புதுமையாக ஒலித்த அன்பழகன் அடுத்த தலைமுறையில் தெருவுக்குத் தெரு இருந்தது.

முடிவெடுக்கும் முன் மூன்று சோதனைகள் போதும். அறிமுகமில்லாத ஐந்து பேரிடம் தொலைபேசியில் பெயரை ஒரே முறை சொல்லி எழுதச் சொல்லுங்கள். மூவராவது சரியாக எழுதவில்லை என்றால், வாழ்நாள் முழுக்க எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கும். அடுத்து, தலைப்பெழுத்தோடு வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ஏகாம்பரத்தின் மகனுக்கு மாறன் என்று வைத்தால் "ஏ. மாறன்" என்று வரும், கிண்டலுக்கு வேறு ஆள் வேண்டாம். மூன்றாவது, எப்படிச் சுருங்கும் என்று பாருங்கள். மகிழினி மகி ஆவாள், தமிழினி தமிழ் ஆவாள், கார்த்திகேயன் கார்த்தி ஆவான். சுருக்கம் பிடிக்கவில்லை என்றால் முழுப் பெயரும் வேண்டாம், ஏனென்றால் புழங்கப் போவது அதுதான்.

அவசரமும் தேவையில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் பெயரில்லாமலே பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது. பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். மனதில் இருக்கும் பெயரைச் சில மாதம் வீட்டில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டே பதியலாம். ஒருமுறை ஏற்றிய பெயரை மாற்றுவதென்றால் அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்பதால், அதில் விழும் ஒரு பிழை எல்லாத் தாளிலும் தொடரும்.

பெயர் சேர்க்கப் போகும்போது ஒரு தாளில் தமிழிலும், ஆங்கிலப் பெரிய எழுத்திலும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். அச்சடிக்கும் முன் திரையைக் காட்டச் சொல்லி எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வாயால் சொன்னால், பதிவாவது தட்டச்சு செய்பவருக்குத் தெரிந்த மகிழினியாக இருக்கும்.