கோடெக்கில் இரண்டு லிங்க்: மாற்றுவதா, சேர்ப்பதா, இரண்டிலும் அனுப்புவதா?

வெளிக்களத்திலிருந்து நேரலை கொடுக்கும் ஆடியோ கோடெக்குகளில் (ஒலியை நெட்வொர்க் வழியாக ஸ்டுடியோவுக்கு அனுப்பும் பெட்டிகள்) இப்போது ஈதர்நெட், வைஃபை, 4ஜி எல்லாம் ஒரே பெட்டியிலேயே கிடைக்கின்றன. எந்த லிங்க், அதாவது எந்த இணைய இணைப்பு, நல்லது என்று மண்டையை உடைப்பதைவிட, இருக்கிற இரண்டை வைத்து கோடெக்கை என்ன செய்யச் சொல்கிறோம் என்பதுதான் முக்கியம். ஒன்றில் ஓட்டிக்கொண்டு மற்றதைக் காத்திருக்க வைக்கலாம், இரண்டையும் சேர்த்து ஒரே குழாயாக்கலாம், அல்லது ஒரே ஆடியோவை இரண்டிலும் அனுப்பலாம். பேச்சு நிகழ்ச்சி என்றால் என் ஓட்டு மூன்றாவதற்கு.

காத்திருக்க வைக்கும் முறையைத்தான் நானும் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். டேட்டா கம்மி, புரிந்துகொள்ளவும் சுலபம். ஆனால் முதல் லிங்க் செத்தால்தானே இரண்டாவதுக்கு மாறும்? கேபிளைப் பிடுங்கினால் உடனே சாகும், சரி. மொபைல் நெட்வொர்க் அப்படிச் சாகாது, இழுத்துக்கொண்டு கிடக்கும். ஒரு மைதானத்தில் காலையில் சோதித்தபோது கண்ணாடி மாதிரி இருந்த லிங்க், கூட்டம் வந்து ஆளுக்கொரு போனை எடுத்ததும் பாக்கெட்டுகளை, அதாவது ஆடியோவைச் சுமந்து போகும் சின்னச் சின்னத் துண்டுகளை, தொலைக்க ஆரம்பித்தது. திரையில் பச்சை விளக்கு அசையவே இல்லை, ஸ்டுடியோவில் மட்டும் குரல் துண்டு துண்டாக விழுந்தது. மாறுவதற்கான வரம்பைக் குறைத்து வைத்தால் சின்னத் தடங்கலுக்கெல்லாம் அங்கும் இங்கும் தாவும், ஒவ்வொரு தாவலிலும் ஒரு இடைவெளி காதில் விழும்.

அடுத்தது இரண்டையும் ஒரே குழாயாக்கும் பாண்டிங். ஒரு ஸ்ட்ரீமைப் பிரித்து பாதி இந்த வழி, பாதி அந்த வழி. வீடியோ அனுப்புபவர்களுக்கு இது வரப்பிரசாதம், ஏனென்றால் அவர்களுக்குத் தேவை பல மெகாபிட். நமக்கு? 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவைச் சுருக்காமல் அனுப்பினாலே 1.536 எம்பிபிஎஸ்தான். ஓபஸ் என்ற சுருக்கும் முறையில் ஒரு குரலுக்கு 64 கேபிபிஎஸ் தாராளம். அதற்குப் போய் இரண்டு குழாயை ஒட்டவைப்பது எதற்கு? அதோடு ஒரு வழி 40 மில்லிசெகண்டிலும் இன்னொன்று 140-இலும் வந்தால், பாக்கெட்டுகளை வரிசைப்படுத்த மெதுவான வழிக்காகக் காத்திருந்தே ஆக வேண்டும். ஸ்டுடியோவும் களமும் மாறி மாறிப் பேசும்போது அந்தத் தாமதம் நன்றாகவே உறுத்தும். இருக்கும் லிங்க் எல்லாமே நோஞ்சான், தனியாக ஒன்றும் 64-ஐத் தாங்காது என்ற நிலைமையில் மட்டும் பாண்டிங்தான் ஒரே வழி.

இரண்டிலும் அனுப்பினால் யாரும் எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை. மறுமுனை ஒவ்வொரு பாக்கெட்டிலும் இருக்கும் ஆர்டிபி வரிசை எண்ணைப் பார்த்து, முதலில் வந்த பிரதியை எடுத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடும். டேட்டா இரட்டிப்பாகுமே என்பார்கள். கணக்கைப் பாருங்கள்: 20 மில்லிசெகண்ட் பாக்கெட் என்றால் நொடிக்கு 50, ஒவ்வொன்றின் தலையிலும் ஐபி, யூடிபி, ஆர்டிபி என்ற அனுப்பும் விதிமுறைகளின் தகவல் சேர்த்து 40 பைட், ஆக 16 கேபிபிஎஸ். 64-உடன் சேர்த்து ஒரு லிங்குக்கு 80. இரண்டு லிங்கிலும் மணிக்கு மொத்தம் 72 எம்பி, அவ்வளவுதான். தாமதத்தைக் குறைக்கிறேன் என்று பாக்கெட்டை 5 மில்லிசெகண்டாக்கினால் மட்டும் உஷார், தலைச்சுமையே 64 கேபிபிஎஸ் ஆகி ஆடியோவுக்குச் சமமாகிவிடும்.

ஆனால் இரண்டு லிங்க் என்பது நிஜமாகவே இரண்டாக இருக்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் இரண்டு சிம்களும் பெரும்பாலும் ஒரே டவரைத்தான் பிடிக்கும். அங்கிருக்கும் வைஃபையும் ஈதர்நெட்டும் ஒரே ரவுட்டரிலிருந்து வரலாம். இதைவிடக் கள்ளத்தனமான ஒன்று உண்டு: இரண்டு ரவுட்டர்களும் 192.168.1 என்ற ஒரே முகவரி வரிசையில் இருந்தால் சில கோடெக்குகள் குழம்பி, இரண்டு ஸ்ட்ரீமையும் ஒரே போர்ட் வழியாகத் தள்ளிவிடும். திரையில் என்னவோ இரண்டும் ஓடுவதாகவே தெரியும். ஒரு ரவுட்டரை 192.168.50-க்கு மாற்றினால் தீர்ந்தது. அப்புறம் ஸ்டுடியோவில் ஒருவரைக் கேட்கச் சொல்லி, மைக்கில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பாருங்கள். ஒரு எண்கூட விடுபடக் கூடாது.