மூடிய நதிக்கு முன்பணம்: அலாஸ்காவில் கிங் சால்மன் பிடிக்கப் பணம் கட்டுவோருக்கு ஓர் எச்சரிக்கை

கோடையில் அலாஸ்காவுக்குச் சென்று, வழிகாட்டியுடன் நதியில் சால்மன் பிடிக்கத் திட்டமிடுபவர்கள், குறிப்பாகக் கெனாய் நதியில், சால்மன்களிலேயே மிகப் பெரிய கிங் சால்மனைப் பிடிக்கலாம் என்ற விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் கட்டப் போகிறவர்கள், கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். 2024 ஜூலைப் பயணத்துக்காக நாங்கள் நால்வர் சேர்ந்து 12,600 டாலருக்கு மேல் கொடுத்தோம். எதற்காகக் கொடுத்தோமோ அது அந்த ஆண்டு சட்டப்படி நடக்கவே முடியாத காரியம் என்பதும், பணத்தை வாங்கியவருக்கு அது நன்றாகவே தெரியும் என்பதும் அங்கே போய் இறங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

என் அண்ணனுக்கு அறுபது வயது நிறைந்த ஆண்டு அது. சியாட்டலைச் சுற்றியுள்ள ஏரிகளில் இருபது ஆண்டுகளாகத் தூண்டில் போடுபவர் அவர். வாழ்நாளில் ஒரு கிங் சால்மனையாவது பிடித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த ஆசையை நிறைவேற்றத்தான் நானும் அவருடைய மகனும் குடும்ப நண்பர் ஒருவரும் இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தோம். நாங்கள் தேர்ந்தெடுத்த விடுதியின் இணையதளத்தில், 1985-இல் கெனாய் நதியில் பிடிபட்டு இன்றுவரை தூண்டில் சாதனையாக நிற்கும் 97 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள கிங் சால்மனைப் பற்றிய பெருமைதான் முதலில் கண்ணில் படும். அதற்குக் கீழே நான்கு நாள் நிகழ்ச்சி நிரல் இருந்தது. இரண்டு நாள் படகில் கிங் சால்மன், ஒரு நாள் கரையிலிருந்து ரெட் சால்மன், ஒரு நாள் மிதவை விமானத்தில் குக் வளைகுடாவின் மேற்குக் கரைக்குப் பறந்து கரடிகள் உலவும் காட்டு ஏரியில் மீன்பிடிப்பு. ஆளுக்கு 3,200 டாலர்.

ஜனவரியில் பாதிப் பணத்தைக் கடன் அட்டையில் கட்டினோம். மீதியை மே மாத நடுவில் கட்ட வேண்டும். அதை வங்கிப் பரிமாற்றமாக அனுப்பினால் நூற்றுக்கு 3 தள்ளுபடி என்றார்கள். 192 டாலர் மிச்சமாகிறதே என்று அப்படியே அனுப்பினோம். அந்தத் தள்ளுபடி எதற்கு என்பது பின்னால் புரிந்தது.

கெனாய் நதியில் கிங் சால்மனின் வரத்து பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வருகிறது. முட்டையிட மேலேறிச் செல்லும் மீன்கள் போதாமல் போகும்போது, அலாஸ்கா மாநில மீன் வனவிலங்குத் துறை அவசர ஆணை பிறப்பித்து அந்த மீனைப் பிடிப்பதைக் கட்டுப்படுத்தும் அல்லது முற்றிலும் மூடும். 2023-இல் கெனாயில் கிங் மூடப்பட்டிருந்தது. 2024-இலும், மீன்பிடிப் பருவம் தொடங்குவதற்கு முன்பே, மூடல் ஆணை வெளியாகிவிட்டது. இந்த ஆணைகள் இரகசியமானவை அல்ல. துறையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மின்னஞ்சலில் வரும்படி பதிவு செய்துகொள்ளலாம். அந்த நதிக்கரையில் தொழில் நடத்தும் ஒருவர் இதை அறியாமல் இருக்க வழியே இல்லை. அப்படியிருந்தும், ஆணை வெளியான பிறகு, மே மாதத்தில் எங்களிடம் மீதிப் பணத்தை வாங்கினார்கள். அதோடு நிற்கவில்லை. வெளிமாநிலத்தார் 7 நாள் மீன்பிடி உரிமத்துக்கு 45 டாலர் கட்ட வேண்டும். கிங் பிடிக்க வேண்டுமானால் அதற்கென்று தனி முத்திரைக்கு இன்னொரு 45 டாலர். கிங் முத்திரையை மறக்காமல் வாங்கி வாருங்கள் என்று பயணத்துக்குப் பத்து நாள் முன்பு நினைவூட்டி மின்னஞ்சல் அனுப்பினார்கள். நால்வரும் வாங்கினோம். ஒன்றுக்கும் உதவாத அந்த நான்கு முத்திரைகளும் இப்போதும் என்னிடம் இருக்கின்றன.

உண்மை தெரிந்தது ஒரு தூண்டில் கடையில். ஆங்கரேஜில் இறங்கி, வாடகைக் காரில் சோல்டாட்னா ஊரை அடைந்தபோது மாலை ஆறு மணி. ஜூலையில் அங்கே இரவு பதினொரு மணி வரை வெளிச்சம் இருப்பதால் கடைகள் திறந்திருந்தன. அண்ணன் பெரிய மீனுக்கான தூண்டில் முள்ளும் தடித்த நரம்பும் எடுத்துக்கொண்டு போய்க் கல்லாவில் வைத்தார். எந்த மீனுக்கு என்று கடைக்கார அம்மையார் கேட்டார். கிங் என்றதும் அவர் முள்ளை எடுத்துப் பையில் போடாமல், கல்லாவுக்குப் பக்கத்துக் கண்ணாடியில் ஒட்டியிருந்த மூடல் ஆணையைக் காட்டினார். நான்கு மூலையிலும் ஒட்டுநாடா மஞ்சளாகிப் போயிருந்த தாள். அது ஒட்டப்பட்டு வாரக்கணக்காகிவிட்டது என்பது பார்த்தாலே தெரிந்தது. அண்ணன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். பிறகு முள்ளை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். நான் இத்தனை விரிவாக எழுதுவதற்குக் காரணம் பணம் மட்டுமல்ல, அவர் அப்படி நின்ற நிலையும்தான்.

விடுதி உரிமையாளரிடம் அன்றிரவே கேட்டோம். விதிமுறைகள் மாறினால் பிடிக்கும் மீன் வகையும் மாறலாம் என்று ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் எழுதியிருப்பதைக் காட்டினார். பருவத்தின் நடுவே திடீரென்று மூடல் வந்தால் அந்த வாசகம் நியாயம். அப்படி நேர்வதும் உண்டு, அதற்கு எந்த விடுதியையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஏற்கெனவே மூடியதைத் திறந்திருப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கிவிட்டு அந்த வாசகத்தின் பின்னால் ஒளிந்துகொள்வது வேறு. கிங்குக்குப் பதிலாக இரண்டு நாளும் கரையிலிருந்தே ரெட் பிடிக்கலாம் என்றார். படகுக்கென்று வாங்கிய பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அலாஸ்காவில் ரெட் என்று அழைக்கப்படும் சாக்கை சால்மன் நல்ல மீன். குறை மீனில் இல்லை, எங்களுக்குக் கொடுத்த வழிகாட்டியிடம்தான். இருபது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். அந்த நதியில் அவருக்கு அது முதல் கோடை என்று பேச்சுவாக்கில் சொன்னார். நதிக்குள் ஏறிய ரெட் சால்மன் இரை தேடுவதில்லை, ஆகவே நீரின் அடியில் ஈயக் குண்டு தட்டித் தட்டி நகரும்படி நரம்பை ஓட்டத்தோடு விட்டு இழுக்க வேண்டும். அந்த முறையில் முள் சில சமயம் வாயில் மாட்டாமல் உடம்பில் மாட்டிவிடும். நன்னீரில் அப்படி மாட்டிய மீனை உடனே விட்டுவிட வேண்டும் என்பது அலாஸ்காவின் சட்டம். அண்ணன் மகன் பிடித்த ஒரு மீனுக்கு முதுகுத் துடுப்புக்குக் கீழே முள் ஏறியிருந்தது. விட்டுவிடவா என்று அவன் கேட்டதற்கு, யாரும் பார்க்கவில்லை, கயிற்றில் கோத்துவிடு என்றார் வழிகாட்டி.

பார்த்துவிட்டார்கள். இரண்டாம் நாள் காலை, ஒன்பது மணிக்குள், சீருடையில் வந்த வனவிலங்குக் காவலர் ஒருவர் எங்கள் உரிமங்களைச் சரிபார்த்தார். கயிற்றில் இருந்த மீன்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, அந்தக் காயத்தின் மேல் விரலை வைத்தார். வழிகாட்டி சொன்னதைத்தான் செய்தேன் என்றான் பையன். உரிமம் உன் பெயரில் இருக்கிறது, ஆகவே பொறுப்பும் உன்னுடையது என்று அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். அபராதம் விதிக்காமல் எச்சரித்து விட்டது அவருடைய பெருந்தன்மை. அடுத்து அவர் வழிகாட்டியின் பதிவைக் கேட்டார். பணம் வாங்கிக்கொண்டு மீன்பிடிக்க அழைத்துச் செல்லும் வழிகாட்டி மாநிலத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். கெனாய் நதியில் மாநிலப் பூங்காத் துறையின் அனுமதியும் தனியாகத் தேவை. விசைப்படகில் பயணிகளை ஏற்றுபவரானால் கடலோரக் காவல்படையின் உரிமமும் வேண்டும். அந்த இளைஞரிடம் ஒன்றும் இல்லை. விடுதியார் எங்களுக்கு வாடகைக்குக் கொடுத்த நீர்க்காலணிகளின் அடிப்பாகம் அழுத்திய கம்பளி போன்ற ஃபெல்ட் துணியால் ஆனது. ஒரு நீர்நிலையின் உயிரினங்கள் இன்னொன்றுக்குத் தொற்றிச் செல்லும் என்பதால் அலாஸ்காவின் நன்னீர் மீன்பிடிப்பில் அது 2012 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. அதையும் காவலர்தான் சொன்னார். வழிகாட்டியுடனான எங்கள் மீன்பிடிப்பு அந்த நிமிடத்தோடு முடிந்தது.

மூன்றாம் நாள் மிதவை விமானம். மேற்குக் கரையில் மூடுபனி, பறக்க முடியாது என்று காலையில் தகவல் வந்தது. வானிலையால் விமானம் நிற்பது அந்த ஊரில் அன்றாட நிகழ்ச்சி. பறக்க வேண்டாம் என்று முடிவெடுக்கும் விமானியை நான் மதிக்கிறேன். ஆனால் வேறு நாளுக்கு மாற்ற முடியுமா என்று கேட்க, உரிமையாளர் பெயர் சொன்ன விமான நிறுவனத்துக்கு நாங்களே நேரில் போனோம். அங்கிருந்தவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். அந்த வாரம் முழுவதும் எங்கள் நால்வரின் பெயரிலும் இல்லை, விடுதியின் பெயரிலும் இல்லை, ஓர் இருக்கைகூடப் பதிவாகியிருக்கவில்லை.

மிச்ச நாள்களை நாங்களே பார்த்துக்கொண்டோம். சோல்டாட்னாவின் நகராட்சிப் பூங்காவில், கரை சிதையாமல் இருக்க மரப் பலகை நடைபாதையும் நதிக்குள் இறங்கும் படிக்கட்டுகளும் அமைத்திருக்கிறார்கள், சிறு கட்டணம்தான். பக்கத்துப் படியில் நின்றிருந்த உள்ளூர் முதியவர் ஒருவர், நாங்கள் நரம்பை அளவுக்கு மீறி நீளமாக விடுவதைப் பார்த்துவிட்டு, கேளாமலே வந்து தன் கோலை அண்ணன் கையில் கொடுத்துக் காட்டினார். குண்டு அடிக்கல்லில் மூன்று முறை தட்டுவது கையில் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் எடை போதவில்லை என்பது அவர் சொன்ன கணக்கு. 3,200 டாலர் வழிகாட்டி சொல்லாததை அவர் ஐந்து நிமிடத்தில் சொன்னார். நாங்கள் கொண்டுவந்த 14 மீன்களில் 9 அந்தப் படிக்கட்டில் பிடித்தவை.

அந்த மீன்களையும் நாங்கள் முழுதாகக் காப்பாற்றவில்லை. பதப்படுத்தித் தருவது கட்டணத்தில் அடங்கும் என்பதால் விடுதியிலேயே கொடுத்தோம், அதுவும் தவறு. நல்ல பதப்படுத்தும் கடையில் உங்கள் கண் முன்னே எடை போட்டு, பெயரெழுதிய அட்டையைக் கட்டி, ரசீது தருவார்கள். எங்களுக்கு ரசீதும் இல்லை, அட்டையும் இல்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது, பாதிப் பொட்டலங்களில் காற்று புகுந்து மீனின்மேல் வெண்பனி படர்ந்திருந்தது. ரெட் சால்மனின் சதை செக்கச் செவேல் என்றிருக்கும். அதை வேறொன்றோடு குழப்பவே முடியாது. பெட்டியில் பதினோரு பொட்டலங்களில் இருந்தது வெளிர் ரோஜா நிறத்தில், விரல் பட்டால் குழையும் வேறு ஏதோ மீன்.

பணத்தைத் திரும்பப் பெறுவதில், கடன் அட்டையில் கட்டிய பகுதிக்கு மட்டுமே எங்களுக்கு ஒரு பிடி இருந்தது. மூடல் ஆணையின் நகல், கிங் முத்திரை வாங்கச் சொன்ன மின்னஞ்சல், நாங்கள் பணம் கட்டிய நாளில் எடுத்து வைத்திருந்த நிகழ்ச்சி நிரலின் படம் ஆகியவற்றை வங்கிக்கு அனுப்பினோம். 3,200 டாலர் திரும்பியது. வங்கிப் பரிமாற்றமாக அனுப்பிய 6,208 டாலரில் ஒரு காசுகூட வரவில்லை. தள்ளுபடி கொடுத்துப் பரிமாற்றத்துக்குத் தூண்டுபவரிடம் நீங்கள் அட்டையில்தான் கட்டுவேன் என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மாறினால் அந்த இடம் வேண்டாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் எந்த வழிகாட்டி வருவார், அவருடைய பதிவு எது, அந்த மீன் மூடப்பட்டால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதை எழுத்தில் கேளுங்கள். மீன் வனவிலங்குத் துறையின் சோல்டாட்னா அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும், எந்த மீன் திறந்திருக்கிறது என்று பொறுமையாகச் சொல்கிறார்கள். நான் ஜனவரியில் அழைத்து, 2023-இல் என்ன நடந்தது என்று கேட்டிருந்தாலே போதுமாயிருந்தது. விமானப் பயணம் இருந்தால் விமான நிறுவனத்தையே அழைத்து உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அலாஸ்கா சட்டத்துறையின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். அது விசாரணையில் இருக்கிறது, ஆகவே விடுதியின் பெயரை இங்கே எழுதவில்லை. திரும்பும் நாளில் சோல்டாட்னாவின் பயணியர் தகவல் மையத்தில், கண்ணாடிக்குப் பின்னே வைத்திருக்கும் அந்த 1985-ஆம் ஆண்டு மீனைப் பார்க்க அண்ணனை அழைத்துச் சென்றேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “விடுடா, இதையாவது பார்த்தோமே” என்றார்.

நேற்று அந்த இணையதளத்தைத் திறந்தேன். அதே மீனின் பெருமை, அதே நான்கு நாள் நிகழ்ச்சி நிரல், முதல் இரண்டு நாளும் படகில் கிங். வரும் ஜூலைக்கு இன்னும் ஆறு இடங்களே மிச்சம் என்று போட்டிருக்கிறார்கள்.